ஆமாம், இல்லை, கருத்து இல்லை

பாலம் சின்னத்துப் பாலக் கட்சியின் தலைமை அலுவலகத்தில் லேசில் போனை எடுக்க மாட்டார்கள். எடுத்தாலும் "மீட்டிங்ல இருக்காங்க" என்பார்கள். மீட்டிங் முடிந்ததும் கூப்பிடச் சொல்லுங்கள் என்றால், "கண்டிப்பா சொல்றோம்மா" என்று தேன் சொட்டப் பேசிவிட்டு வைத்துவிடுவார்கள். பெரியவள் இந்தக் கூத்திலேயே ஒரு மாதத்துக்கு மேல் தொலைத்திருந்தாள்.

வீட்டில் அவள் பெரியவள். இளையவள் கல்யாணமாகி வேறு ஊருக்குப் போய்ப் பல வருடமாகியும் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டே இருந்தது. அலுவலகத்தில் கேள்விக்காரி. சைக்கிள் கடைக்கு மேல்மாடியில், மூன்று அறைகளில் நடந்த ஒரு வாக்காளர் உதவி அமைப்பு அது. பொதுத் தேர்தல் வரும்போதெல்லாம் அவர்கள் இணையத்தில் ஒரு பக்கம் திறப்பார்கள். அதில் இருபத்தைந்து வாக்கியங்கள் இருக்கும். 'சிறிய மருத்துவமனைகளைப் பெரிய மருத்துவமனைகளோடு இணைக்கலாம்', 'மாணவர்களுக்குப் பேருந்துப் பயணம் இலவசமாக இருக்க வேண்டும்' என்கிற மாதிரி. ஒவ்வொன்றுக்கும் கீழே மூன்று பொத்தான்: ஆமாம், இல்லை, கருத்து இல்லை. அமுக்கிக்கொண்டே போனால், நாட்டின் நான்கு பெரிய கட்சிகளில் எது தன் எண்ணத்துக்கு எவ்வளவு பக்கத்தில் நிற்கிறது என்பதைக் கடைசியில் பார்க்கலாம். யாருக்கு ஓட்டுப் போடு என்று அது சொல்லாது. இதைப் பெரியவள் தொண்டை வற்றச் சொல்லியாகிவிட்டது. ஆனாலும் ஜனங்கள் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "அதெல்லாம் சரி, யாருக்குப் போடணும்னு சொல்லுது?"

வாக்கியங்களை எழுதுவது அவள் வேலை. கட்சிகளிடம் பதில் வாங்குகிற வேலையும் அவள் தலையிலேயே விடிந்தது.

ஆளும் சாவிக் கட்சி முத்திரை குத்தி, கையெழுத்துப் போட்டு முதலில் அனுப்பிவிட்டது. மூக்குக்கண்ணாடிக் கட்சி நான்கிலும் சிறியது. கேட்டதற்கு மேலேயே பதில் சொன்னது, ஒவ்வொரு கேள்விக்கும் இரண்டு பக்கம். நங்கூரக் கட்சி பதிலுக்குப் பதிலாகச் சண்டையை அனுப்பியது. "உங்க வாக்கியம் எல்லாமே அரசாங்கம் பேசுற மாதிரி இருக்கு. ஜனங்க படிச்ச உடனே ஆமாம்னு அமுக்குவாங்க. அது யாருக்கு லாபம்னு எங்களுக்குத் தெரியாதா?" என்று அவர்களுடைய வழக்கறிஞர் போனில் எகிறினார்.

பெரியவளுக்குக் கோபம் வந்தது. யோசித்துப் பார்த்தபோது அவர் சொன்னதில் நியாயம் இருந்தது, அதனால் இன்னும் கோபம் வந்தது. ஒரு வாக்கியத்தைப் படித்ததும் ஆமாம் போடத்தான் மனிதக் கை போகும். அவள் உட்கார்ந்து ஆறு வாக்கியங்களைத் தலைகீழாகத் திருப்பி எழுதினாள். 'குடிநீர் விநியோகத்தைத் தனியார் நிறுவனங்களுக்குக் கொடுக்கலாம்' என்று இருந்தது, 'கொடுக்கக் கூடாது' என்று ஆனது. ஏற்கெனவே வந்த பதில்களில் அந்த ஆறு இடத்தில் மட்டும் ஆமாமை இல்லையாகவும் இல்லையை ஆமாமாகவும் மாற்றினாள். நான்கு கட்சிக்கும் புதிய தாளை அனுப்பினாள். நங்கூரக் கட்சி முணுமுணுத்துக்கொண்டே அதில் பதில் எழுதி அனுப்பியது.

பக்கம் திறப்பதற்கு முந்தின நாள் சாயங்காலம், எல்லாரும் கிளம்பிப் போகிற நேரத்தில், பாலக் கட்சியின் பதில் வந்து சேர்ந்தது. பழைய தாளில்.

"புதுசு அனுப்பியிருந்தேனே சார்!" என்று அவள் போனில் கிட்டத்தட்டக் கத்தினாள்.

பாலக் கட்சியின் கொள்கைச் செயலாளரே அன்று எடுத்திருந்தார். "எந்தத் தாள்ல எழுதினா என்னம்மா? கொள்கை ஒண்ணுதானே? கையெழுத்துப் போட்டிருக்கேன் பாருங்க."

வேறு வழியில்லை. அந்த ஆறையும் அவளே திருப்பிப் பதிவு செய்ய உட்கார்ந்தாள். ஒருவர் பதிவு செய்தால் இன்னொருவர் சரிபார்க்க வேண்டும் என்பது அலுவலக வழக்கம். அதைச் செய்யும் மென்பொருள்காரர், குழந்தைக்குக் காய்ச்சல் என்று அன்று மத்தியானமே போய்விட்டார். நடுவில் அமைப்பின் இயக்குநர் வந்து, சின்னங்களின் படம் ஒன்று பெரிதாகவும் ஒன்று சிறிதாகவும் தெரிவதாகச் சொல்லி அரை மணி நேரம் அவளைப் பிடித்துக்கொண்டார். வேலை முடிந்து படி இறங்கும்போது அவளுக்குக் கண்ணெல்லாம் எரிந்தது. தொலைந்தது சனியன் என்று நினைத்துக்கொண்டாள்.

பக்கம் திறந்ததும் கூட்டம் அள்ளியது. பேருந்தில், வங்கி வரிசையில், பல் டாக்டரின் காத்திருப்பு அறையில் ஜனங்கள் போனைத் தடவிக்கொண்டு "உனக்கு என்ன வந்துச்சு?" என்று கேட்டுக்கொண்டார்கள். இயக்குநர் முன்பு பத்திரிகை ஆசிரியராக இருந்தவர். லேசில் சிரிக்க மாட்டார். அந்த வாரம் இரண்டு தடவை சிரித்தார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அப்பா, அம்மாவின் போனை வாங்கிக்கொண்டு சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்தார்.

அப்பா லேத் பட்டறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். சாவிக் கட்சியில் நாற்பது வருடம். பதவி எதுவும் கிடையாது, கேட்டதும் கிடையாது. இளவயதில் போஸ்டர் ஒட்டப் பசை காய்ச்சுவதில் அவரை மிஞ்ச ஆள் இல்லை என்பதால் கட்சியில் அவருக்குப் பசை அண்ணன் என்று பெயர். அவர் காய்ச்சிய பசையில் ஒட்டியதை எதிர்க்கட்சிக்காரன் சுரண்டினால் சுவரும் சேர்ந்து வரும் என்பார்கள். அந்தப் புகழில்தான் அவர் இன்னமும் நெஞ்சை நிமிர்த்தி நடந்துகொண்டிருந்தார்.

"என் பொண்ணு செஞ்சதை நானே பாக்கலைன்னா எப்படி?" என்று கண்ணாடியை ஏற்றிக்கொண்டார். ஒவ்வொரு வாக்கியத்தையும் உதடு அசையப் படித்து, யோசித்து, விரலால் குத்தினார். தண்ணீரைத் தனியாருக்குக் கொடுக்கக் கூடாது என்பதற்கு ஆமாம். சின்ன ஆஸ்பத்திரியை மூடிப் பெரியதோடு சேர்ப்பதா? இல்லவே இல்லை. முக்கியமான விஷயங்களுக்கு இரட்டை மதிப்புக் கொடுக்கலாம் என்று வந்தபோது தண்ணீரையும் ஆஸ்பத்திரியையும் தேர்ந்தெடுத்தார்.

கடைசிப் பொத்தானை அமுக்கிவிட்டுத் திரையைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோனார்.

"என்னங்க?" என்று அம்மா எட்டிப் பார்த்தாள். பார்த்ததும் வாயைப் பொத்திக்கொண்டாள். "ஐயையோ. பாலம்!"

பாலக் கட்சிக்கு நீளமாக ஒரு கோடு. அதற்குக் கீழே மூக்குக்கண்ணாடி. மூன்றாவதாக, கூனிக் குறுகி, சாவி.

"இது என்ன?" என்றார் அப்பா.

"அப்பா, அது உங்க பதிலையும் கட்சியோட பதிலையும் ஒப்பிட்டுப் பாக்குது, அவ்வளவுதான். யாருக்குப் போடணும்னு..."

"நாப்பது வருஷம்! நாப்பது வருஷமா எவனுக்கு எதிரா நான் தொண்டை கிழியக் கத்தினேனோ அவன்தான் எனக்குப் பக்கத்துல நிக்கிறானா? யாருக்கு வேலை பாக்குற நீ?"

"யாருக்கும் இல்லப்பா."

"அப்புறம் எப்படி பாலம் மேல வந்துச்சு?"

"நீங்க அமுக்கினது அப்படி. ஆஸ்பத்திரிய மூடக் கூடாதுன்னு சொன்னீங்க. உங்க கட்சி மூடணும்னு சொல்லுது."

"எங்க கட்சி அப்படிச் சொல்லவே சொல்லாது!"

"தேர்தல் அறிக்கையில இருக்குப்பா. அவங்களே கையால எழுதி, கையெழுத்துப் போட்டு அனுப்பியிருக்காங்க."

"அச்சுப் பிழையா இருக்கும்."

"கையால எழுதினதுல எப்படிப்பா அச்சுப் பிழை வரும்?"

அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதுதான் வினையாகப் போயிற்று. அப்பா போனை மேசையில் கவிழ்த்து வைத்துவிட்டு எழுந்தார். "பாலக் கட்சிக்காரனுக்கு வேலை பாக்குறவ என் வீட்டுல இருக்கான்னு வெளியில தெரிஞ்சா நான் தூக்குல தொங்கணும்" என்று சொல்லிவிட்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். அன்றைக்கு மத்தியானம் அம்மா மூலமாகத்தான் பேச்சு நடந்தது. "உப்பு வேணுமான்னு உங்க பொண்ணு கேக்குறா." "வேணாம்னு சொல்லு."

பெரியவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஊரில் இருக்கிற கட்சிக்காரர்கள் எல்லாம் சந்தேகப்படட்டும், பரவாயில்லை, அது அவர்கள் பிழைப்பு. பெற்ற அப்பா கேட்கலாமா? திங்கட்கிழமை முதல் வேலையாக, இருபத்தைந்து கேள்விக்கும் நான்கு கட்சியும் கையெழுத்துப் போட்டு அனுப்பிய பதில்களைப் பிரதி எடுத்து அவர் முகத்துக்கு நேரே நீட்டுவது என்று முடிவு செய்தாள்.

திங்கட்கிழமை காலை நகல் இயந்திரத்தின் பக்கத்தில் நின்றுகொண்டு, கட்சிகள் அனுப்பிய தாளையும் இணையத்தில் இருப்பதையும் ஒவ்வொன்றாக ஒப்பிட்டுக்கொண்டு போனாள். அப்பாவிடம் சிக்காமல் இருக்க வேண்டுமே. தண்ணீர்க் கேள்வியில் வந்து நின்றாள்.

பாலக் கட்சி, பழைய தாளில், 'தனியாருக்குக் கொடுக்கலாம்' என்பதற்கு ஆமாம் என்று எழுதியிருந்தது. இணையத்தில், 'கொடுக்கக் கூடாது' என்பதற்கும் ஆமாம் என்று இருந்தது.

அவள் மறுபடி பார்த்தாள். ஆறில் ஐந்தைத் திருப்பியிருக்கிறாள். ஒன்றை விட்டிருக்கிறாள். அந்த ஒன்றும் போயும் போயும் தண்ணீர்க் கேள்வி. தேர்தலில் ஜனங்கள் அதிகம் அடித்துக்கொள்கிற கேள்வி, முக்கால்வாசிப் பேர் இரட்டை மதிப்புக் கொடுத்த கேள்வி. தண்ணீரைத் தனியாருக்குக் கொடுக்கத் துடிக்கிற கட்சியை, கொடுக்கவே கூடாது என்று சொல்கிற கட்சியாக நாடு முழுக்கக் காட்டிக்கொண்டிருந்தாள்.

இயந்திரம் தன் பாட்டுக்குத் தாள்களைத் துப்பிக்கொண்டிருந்தது. அதை நிறுத்தக்கூட அவளுக்குத் தோன்றவில்லை.

இயக்குநர் முழுக்கக் கேட்டுவிட்டு, அறைக் கதவைச் சாத்தினார். மென்பொருள்காரரையும் கூப்பிட்டார்.

"சரி பண்ண எவ்வளவு நேரம் ஆகும்?"

"ஒரு நிமிஷம் கூட ஆகாது சார்" என்றார் மென்பொருள்காரர். "ஆனா ஏற்கெனவே பார்த்துட்டுப் போனவங்களுக்கு ஒண்ணும் பண்ண முடியாது. எண்ணிக்கை தவிர நாம யாரோட விவரத்தையும் வெச்சுக்கிறதில்லையே. யார்னே தெரியாது."

"அப்ப மாத்திடுங்க. மாத்திட்டு வேலையப் பாருங்க."

பெரியவள் அவரையே பார்த்தாள். "சொல்லாமலா சார்?"

"யார்கிட்ட சொல்றது? இப்பதான் சொன்னாரே, யார்னே தெரியாதுன்னு."

"பக்கத்துக்கு மேலேயே அறிவிப்புப் போடலாம். தப்பு நடந்துச்சு, திருத்தியாச்சு, தயவுசெய்து மறுபடி ஒரு தடவை பாருங்கன்னு. ரேடியோவுக்கும் சொல்லணும்."

இயக்குநர் குரலை உயர்த்தவில்லை. அதுதான் அவளுக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது. "அம்மா, நீங்க நேர்மையா யோசிக்கிறீங்க, ஒத்துக்கறேன். நான் இந்த அமைப்ப யோசிக்கணும். அறிவிப்புப் போட்டா நாலு கட்சியும் நம்ம தோல உரிச்சுத் தொங்க விட்டுடுவான். மிச்சம் இருபத்துநாலு கேள்வியும் சரியா இருக்குன்னு எவன் நம்புவான்? அடுத்த தேர்தலுக்கு இந்த மாடியில வேற யாராவது துணி தெச்சுட்டு இருப்பாங்க."

"சொல்லாம விட்டு, வேற யாராவது கண்டுபிடிச்சா?"

"கண்டுபிடிச்சாத்தானே."

"எங்க அப்பா கிட்டத்தட்டக் கண்டுபிடிச்சிட்டார் சார். காரணம் தப்பு. ஆனா பாலத்துக்குச் சாதகமா இருக்குன்னு சொன்னது தப்பில்ல."

இயக்குநர் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார். அவர் கெட்டவர் இல்லை. பதினைந்து வருடமாக இந்த இடத்தை எப்படியெல்லாம் இழுத்துப் பிடித்து நடத்துகிறார் என்று அவளுக்குத் தெரியும். அதனால்தான் பேசவும் முடியவில்லை, பேசாமல் இருக்கவும் முடியவில்லை.

"முதல்ல கட்சிகளுக்குச் சொல்லுங்க" என்றார் கடைசியில். "அவங்க என்ன சொல்றாங்கன்னு பாத்துட்டு முடிவு பண்ணலாம்."

அவள் பாலக் கட்சியிடமிருந்து தொடங்கினாள். தங்களுக்குச் சாதகமான தவறு என்பதால் கொஞ்சம் சங்கடப்பட்டு, சரி திருத்துங்கள் என்று விட்டுவிடுவார்கள் என்று நினைத்திருந்தாள். கொள்கைச் செயலாளர் இந்தத் தடவை முதல் மணியிலேயே எடுத்தார்.

அவள் விஷயத்தைச் சொல்லி முடித்ததும், "இல்லம்மா, அத மாத்தாதீங்க" என்றார்.

"என்ன சார்?"

"இப்ப இருக்கே, அதுதான் எங்க நிலைப்பாடு. தண்ணிய தனியாருக்குக் கொடுக்கக் கூடாது. நல்ல வரவேற்பு இருக்கு."

பெரியவளுக்குக் காதில் சரியாகத்தான் விழுந்ததா என்று சந்தேகம் வந்தது. "நீங்க கொடுக்கலாம்னு எழுதி அனுப்பியிருக்கீங்க சார். உங்க தேர்தல் அறிக்கையிலயும் அப்படித்தான் இருக்கு."

"அது கையெழுத்துப் போட்டவரோட சொந்தக் கருத்தா இருக்கலாம்."

"கையெழுத்துப் போட்டது நீங்கதான் சார்."

மறுமுனையில் தாள் புரட்டும் சத்தம் கேட்டது.

"நான் தலைமைகிட்ட பேசிட்டு எழுத்துல அனுப்புறேன்" என்றார் செயலாளர். "அதுவரைக்கும் எதையும் தொடாதீங்க. தொட்டா நாங்க சும்மா இருக்க மாட்டோம்."

அவள் போனை வைத்துவிட்டுத் தலையில் கை வைத்து உட்கார்ந்தாள். பதில் சொல்லுங்கள் என்று கெஞ்சியபோது பதில் இல்லை. இப்போது இரண்டு பதில் வைத்திருக்கிறார்கள்.

இயக்குநரின் முகத்தில் அன்று முதல் தடவையாக வெளிச்சம் வந்தது. "அப்ப தப்பே இல்லாமப் போச்சே! அவங்க எழுத்துல கொடுத்துட்டா, இப்ப இருக்கிறதே சரி. அப்படியே விட்டுடலாம்."

"சார், ஜனங்க நல்லா இருக்குன்னு சொன்னதனால கொள்கைய மாத்துறாங்க. அதுவும் நான் செஞ்ச தப்பைப் பாத்து."

"கட்சி தன் நிலைப்பாட்ட மாத்திக்கக் கூடாதுன்னு சட்டமா?"

"மாத்தட்டும். மேடையில ஏறி மாத்தட்டும். அறிக்கையத் திருத்தி அச்சடிக்கட்டும். என் பதிவுப் பிழைக்குப் பின்னாடி ஒளிஞ்சுக்கிட்டு மாத்தக் கூடாது." பழைய தாளை எடுத்து அவர் மேசையில் வைத்தாள். "இவ்வளவு நாளா ஜனங்க தெளிவாப் பாக்கட்டும்னுதானே சார் இந்த உயிர விடுறோம்? யார் என்ன சொல்றாங்கன்னு நாமே மழுப்பினா அப்புறம் எதுக்கு இந்தக் கடை?"

மென்பொருள்காரர் சன்னலைப் பார்த்துக்கொண்டு, "அக்கா சொல்றது சரிதான் சார்" என்றார். "சரிபாக்காம போனது நான். என்னையும் சேத்துப் போடுங்க."

மத்தியானம் வரை பாலக் கட்சியின் எழுத்துக்காகக் காத்திருந்தார்கள். வரவில்லை. தலைவர் மேடையில் இருக்கிறார் என்றார்கள். பிறகு வண்டியில் இருக்கிறார் என்றார்கள். பிறகு எடுக்கவே இல்லை. சாயங்காலம் இயக்குநர் தானே உட்கார்ந்து அறிவிப்பை எழுதினார். பழைய ஆசிரியர் கை. நான்கே வரி, ஒரு சப்பைக்கட்டு இல்லை. எங்கள் பதிவில் பிழை, பாலக் கட்சி கையெழுத்திட்டு அனுப்பிய பதில் இது, அந்தக் கட்சி இப்போது வேறு நிலைப்பாடு இருப்பதாகத் தொலைபேசியில் சொல்கிறது, எழுத்தில் தந்தால் அதையும் வெளியிடுவோம். கீழே தன் பதவியைப் போட்டார். பெரியவளின் பெயரைப் போடவில்லை.

"நான்தானே சார் செஞ்சேன்?"

"திட்டு வாங்குறதுக்குத்தான்மா எனக்கு இந்த நாற்காலி" என்றார் எரிச்சலாக.

திட்டுக்குக் குறைவே இல்லை. சாவிக் கட்சி, 'எதிர்க்கட்சியின் கைக்கூலிகள் பிடிபட்டார்கள்' என்றது. பாலக் கட்சி, 'ஆளுங்கட்சியின் மிரட்டலுக்கு அடிபணிந்து எங்கள் கொள்கையைத் திரித்துவிட்டார்கள்' என்றது. நங்கூரக் கட்சியின் வழக்கறிஞர் கூப்பிட்டு, தான் முதலிலேயே சொன்னதாகச் சொன்னார். எதைச் சொன்னார் என்று அவருக்கே நினைவில்லை. மூக்குக்கண்ணாடிக் கட்சி மட்டும் அனுதாபம் தெரிவித்து இரண்டு பக்கக் கடிதம் அனுப்பியது. சைக்கிள் கடைக்காரர், மாடியில் என்ன நடக்கிறது என்று வருகிறவன் போகிறவன் எல்லாம் தன்னைக் கேட்பதாகச் சண்டைக்கு வந்தார். பக்கத்துக்கு வருகிறவர்கள் பாதியாகக் குறைந்தார்கள். பார்த்தவர்களில் எத்தனை பேர் திரும்ப வந்து பார்த்தார்கள் என்று யாருக்கும் தெரியாது. பெரியவளுக்கு அதுதான் சாப்பிடும்போதும் படுக்கும்போதும் உறுத்தியது.

அப்பாவுக்கு விஷயம் கட்சி அலுவலகத்தில் தெரிந்தது. வாசலிலிருந்தே கத்திக்கொண்டு வந்தார். "நான் அன்னிக்கே சொன்னேனா இல்லையா? சொன்னேனா இல்லையா?"

"சொன்னீங்க" என்றாள் அவள். மறுத்துப் பேசத் தெம்பில்லை.

"கொண்டா அந்தப் போனை. இப்பப் பாப்போம்."

மறுபடி அதே மேசை. அதே இருபத்தைந்து. அம்மா கையைத் துடைத்துக்கொண்டு வந்து நின்றாள். பாலக் கட்சியின் கோடு குறைந்திருந்தது. மேலே இப்போது மூக்குக்கண்ணாடி. இரண்டாவதாகப் பாலமும் சாவியும் ஏறக்குறைய ஒட்டிக்கொண்டு நின்றன. பாலம் ஒரு நகக்கண் அளவு முன்னால்.

அப்பா திட்டப்போகிறார் என்று பெரியவள் காத்திருந்தாள். அவர் திட்டவில்லை. "அந்த ஆஸ்பத்திரி விஷயம்" என்றார் மெதுவாக. "நிஜமாவே அப்படித்தான் எழுதியிருக்கானா?"

அவள் சாவிக் கட்சியின் தேர்தல் அறிக்கையை எடுத்துப் பக்கத்தைப் பிரித்து வைத்தாள். அப்பா உதடு அசையப் படித்தார். 'ஆரம்ப நிலை மருத்துவ அலகுகளின் மறுசீரமைப்பு' என்று இருந்தது.

"அலகுன்னா?"

"நம்ம தெருமுனை ஆஸ்பத்திரி. நீங்க பிரஷர் மாத்திரை வாங்குற இடம்."

"மறுசீரமைப்புன்னா?"

"மூடுறது."

"அப்ப மூடுறதுன்னு எழுதித் தொலைக்க வேண்டியதுதானே!" என்று அவர் மேசையில் அடித்தார். இந்தத் தடவை கோபம் அவள்மேல் இல்லை.

மறுநாள் அவர்கள் தெருவுக்குச் சாவிக் கட்சி வேட்பாளர் வந்தார். அப்பா கட்சிச் சட்டையைப் போட்டுக்கொண்டு போனார். வழக்கம்போல முன்வரிசை. வேட்பாளர் பேசி முடித்து, வேறு ஏதாவது இருக்கிறதா என்று ஒப்புக்குக் கேட்டபோது, பசை அண்ணன் எழுந்து நின்று, "தெருமுனை ஆஸ்பத்திரிய மூடுவீங்களா, மாட்டீங்களா?" என்று கேட்டார். கூட்டத்தில் யாரும் கேள்வி கேட்பது வழக்கமில்லை. வேட்பாளர் கைகூப்பி, அண்ணனைப் போன்ற மூத்த தொண்டர்களின் உழைப்பில்தான் இந்தக் கட்சி நிற்கிறது என்று மனம் உருகிப் பேசினார். எல்லாரும் கைதட்டினார்கள். அப்பா உட்காரவில்லை. "மூடுவீங்களா, மாட்டீங்களா தம்பி?" என்றார் மறுபடி. வட்டச் செயலாளர் வந்து தோளில் கை போட்டு, "அப்புறம் பேசிக்கலாம் அண்ணே" என்று ஓரமாகத் தள்ளிக்கொண்டு போனார்.

வீட்டுக்கு வந்தவர் சட்டையைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தார். "ஆமாமா இல்லையான்னு மூணு எழுத்துல பதில் கேட்டேன். நாப்பது வருஷம் ஆனவனுக்கு அது சொல்ல முடியலையா அவனால?"

பெரியவள் பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "எனக்கு நாலு கட்சிப்பா. நாலு கட்சிக்கும் இருபத்தஞ்சு."

அப்பா திரும்பி அவளைப் பார்த்தார். "பைத்தியம் பிடிக்கலையா உனக்கு?"

"பிடிச்சுக்கிட்டுதான் இருக்கு" என்றாள்.

அம்மா இருவருக்கும் டீ கொண்டுவந்து வைத்தாள். நெடுநாளைக்குப் பிறகு அன்று அப்பாவும் மகளும் வெகுநேரம் பேசிக்கொண்டார்கள். பேச்சு முழுக்கத் திட்டுதான். ஆனால் இரண்டு பேரும் சேர்ந்து ஒரே பக்கம் பார்த்துத் திட்டினார்கள்.

தேர்தல் நாளன்று மூவரும் சேர்ந்தே பள்ளிக்கூடத்துக்குப் போனார்கள். வெயிலில் நீண்ட வரிசை. கட்சி நண்பர்கள் தூரத்தில் நின்று, அப்பாவைப் பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்தார்கள். ஒருத்தர் மட்டும் கையை ஆட்டினார். பெரியவளும் அம்மாவும் போட்டுவிட்டு வெளியே வந்து மரத்தடியில் காத்திருந்தார்கள். அப்பா வரவில்லை. அவருக்குப் பின்னால் நின்றவர்கூட இன்னும் உள்ளே போகாமல் வாசலில் எட்டி எட்டிப் பார்த்தபடி நின்றார். அம்மாவுக்குக் கவலை வந்துவிட்டது. "மயக்கம் கியக்கம் வந்துடுச்சா, போய்ப் பாருடி."

அவள் இரண்டு எட்டு வைப்பதற்குள் அப்பா வந்துவிட்டார். முகம் கடுகடுவென்று இருந்தது.

"என்னப்பா ஆச்சு?"

"என்ன ஆகணும்? போட்டேன்." விறுவிறுவென்று நடந்தார். தெரு திரும்பும்வரை நிற்கவில்லை. பிறகு நின்று அவள் பக்கம் விரலை நீட்டினார். "இத்தனை வருஷமா உள்ள போவேன், குத்துவேன், வந்துடுவேன். கண்ண மூடிக்கிட்டு. இன்னிக்கு என்னன்னா பின்னாடி நிக்கிறவன் இருமுறான், அதிகாரி 'ஐயா முடிஞ்சுதா, முடிஞ்சுதா'ங்கிறான், நான் நாலு சின்னத்தையும் பாத்துக்கிட்டு மரம் மாதிரி நிக்கிறேன். எல்லாம் உன்னாலதான்."

"சாரிப்பா" என்றாள் பெரியவள்.

"சாரியாம்" என்று முணுமுணுத்துவிட்டு அவர் முன்னால் நடந்தார். அம்மா, வெயில் ஏறுகிறது, இரண்டு பேரும் சண்டையை வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள் என்று பின்னாலிருந்து கத்தினாள்.